மூன்றாம் பீப்பாயின் மீன்கள்

மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நேற்றுச் சாயந்திரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே ஆம்ப்ரோஸ் மாதாவுக்கு நன்றி சொல்லியிருந்தார். அவசரப்பட்டுவிட்டார்.

நன்றி சொல்வதில் மட்டுமல்ல, மனிதர் எல்லாவற்றிலும் அவசரக்காரர்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு கப்பல் கம்பெனி குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சந்து மாடியில் இயங்கும் பசுங்கரைச் சங்கத்துக்குச் செயலாளராகப் போனது ஓர் அவசரம். எட்டு மாதத்துக்கு முன்பு அந்தச் சங்கத்துக் கூட்டத்தில், நாலு பேர் முன்னால், சொந்த மகனைப் பார்த்து அவர் பேசியது அதைவிடப் பெரிய அவசரம்.

மகன் ஜார்ஜுக்குக் கொசுத் தடுப்புப் பிரிவில் வேலை. "சங்கத்து மழைத்தண்ணி டிரம்முல மருந்து போடுங்கப்பா, கொசு வரும்" என்றுதான் சொன்னான். "விஷம் தெளிச்சு வயித்தக் கழுவுறவன் எனக்குப் புத்தி சொல்ல வேணாம்" என்று இவர் சொன்னார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்புதான் கெடுத்தது. ஜார்ஜ் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பிடோக்கில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டான். தங்கை உர்சுலாவுக்கு டெங்கி என்று கேள்விப்பட்டும் அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்து போகிறான்.

இப்போது காலை. உர்சுலா கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள் அம்மா பிலோமினம்மாள் கையில் ஜெபமாலை. அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ் கையில் காலி பிளாஸ்க்.

"காய்ச்சல்தான் இல்லையே சிஸ்டர், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

தமிழ்த் தாதி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அங்கிள், இந்தக் காய்ச்சல்ல சூடு எறங்குறப்பதான் நாங்க பயப்படுவோம். கையப் பாருங்க."

உர்சுலாவின் முழங்கைக்குக் கீழே செம்புள்ளிகள். நேற்று இல்லாதவை. கூடைக்காரி குங்குமத்தைக் கொட்டிவிட்டாற்போல் பொடிப்பொடியாக.

"ரத்தத்துல பிளேட்லெட் ரொம்பக் கொறஞ்சிருக்கு. ரத்தம் கசியாம இருக்கணும். டாக்டர் மணிக்கு ஒரு தடவ பாக்கச் சொல்லியிருக்காரு."

ஆம்ப்ரோஸுக்கு நேற்றுச் சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அப்பா." உர்சுலா கண்ணைத் திறக்கவில்லை. "டிரம்மு நெறஞ்சிருச்சா?"

"நெறஞ்சிருச்சும்மா. ரெண்டு மழை நல்லாப் பெஞ்சுச்சு."

"இன்னிக்கு வெள்ளைக்காரங்க வர்றாங்கல்ல... வரவேற்பு போர்ட நீங்க மாட்டாதீங்க. நீங்க மாட்டுனா கோணலாத்தான் தொங்கும்."

சங்கத்துக்குத் தட்டச்சு செய்பவள் உர்சுலாதான். அப்பாவும் மகளும் குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். எதையும் வீணாக்காதே என்று ஊருக்குச் சொல்வதைத் தன் அலுவலகத்திலேயே செய்து காட்டும் சங்கம் என்று கேள்விப்பட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குழு இன்று மதியம் பார்க்க வருகிறது. ஒரு மாதமாக அப்பனும் மகளும் வேறு பேச்சே பேசவில்லை.

இளவயதுச் சீன டாக்டர் வந்தார். ஆங்கிலத்தில் கேட்டதைத் தாதி தமிழாக்கினாள்.

"ஆன்ட்டி, இந்தக் கொசு ராத்திரி கடிக்காது, பகல்ல கடிக்கிறது. உர்சுலா பகல்ல எங்க இருப்பாங்க?"

"எங்க இருப்பா? இவரோட ஆபீஸ்லதான்," என்றாள் பிலோமினம்மாள். "சனி, ஞாயிறுன்னா வீட்டுல."

"அப்ப ரெண்டு எடத்தையும் இன்னிக்குச் சோதிப்பாங்க. நாங்க தகவல் சொல்லியாச்சு."

ஆம்ப்ரோஸ் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். திருகி முடிந்த பிறகும் திருகினார்.

பிலோமினம்மாளோ ஜெபமாலையைக் கட்டிலில் வைத்துவிட்டாள். அவள் ஜெபமாலையைக் கீழே வைத்தால் அடுத்து வருவது ஜெபமாக இருக்காது என்பது அவருக்கு இருபத்தாறு வருஷத்து அனுபவம்.

"எவன் தண்ணியத் தேக்கி வச்சு இந்தப் பிசாசுகள வளத்தானோ, அவன் வீட்டுல வெளக்கெரியுமா? எம்பிள்ளை கையில இருக்கிற புள்ளி ஒவ்வொண்ணுக்கும் அவன் பதில் சொல்லணும். சாகுற வரைக்கும் அவனுக்குத் தூக்கம் வரக்கூடாது."

"பிலோமி, ஆஸ்பத்திரியில சாபம் விடாதே."

"பின்ன வாழ்த்திப் பாடவா?"

அவர் எழுந்தார். ஆபீஸுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் முக்கியமா பிள்ளை முக்கியமா என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில்தான் போனார். சங்கத்தின் நிர்வாகிகள் டாக்சியில் ஏறுவதில்லை என்பது விதி. விதியை எழுதியவர் அவரே. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பஸ் நின்றபோது, அந்த விதியை எழுதியவன் கையில் அகப்பட்டால் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே போனார்.

மனம் மட்டும் பஸ்ஸைவிட வேகமாக ஓடி, சங்கத்தின் பின்பக்கத்துத் திறந்த தளத்தில் போய் நின்றது. அங்கே மூன்று பீப்பாய்கள். கூரையில் விழும் மழைத்தண்ணீர் குழாய் வழியாக அவற்றில் வந்து இறங்கும். முதல் இரண்டும் செடிகளுக்கு. மூன்றாவது கழிவறைக்கு. 'மீன் இருக்கப் பயமேன்' என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மருந்து வேண்டாம் என்று மகனிடம் வீம்பு பேசியவர் சும்மா இருந்துவிடவில்லை. லொங்காங் மீன், அதாவது சாக்கடைக் கால்வாயில் பிள்ளைகள் வலைபோட்டுப் பிடிக்குமே, அந்தக் குட்டி மீன்களைக் கொண்டுவந்து மூன்று பீப்பாயிலும் விட்டிருந்தார். கொசுப்புழு கண்ணில் பட்டால் விடாது. ஒவ்வொரு மூடியிலும் பச்சை வண்ணத்தில் 'உள்ளே ஜாகா உண்டு' என்று எழுதியும் வைத்திருந்தார். காவல்காரனுக்கு ஜாகா என்பதுதானே இந்த ஊர்ப் பேச்சு. வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவருக்கும் பெருமையாக இருக்கும்.

ஜாகா இருக்கிறது. பயமில்லை. அந்தக் கொசு வேறு எங்கோ பிறந்த கொசு.

மாடிப்படிக்குக் கீழே பூக்கடை வைத்திருக்கும் பூவம்மா அவரைப் பார்த்ததும் கையிலிருந்த சரத்தை விட்டுவிட்டு எழுந்தாள்.

"பிள்ளைக்கு எப்படிங்க இருக்கு? அம்மா இந்த வாரம் நவநாளுக்குப் பூ வாங்க வரலையே, அப்பவே எனக்கு மனசு கேக்கல."

"இருக்கா பூவம்மா. வேண்டிக்க."

"நான் காளியம்மாகிட்ட வேண்டிக்கிறேன், அம்மா மாதாகிட்ட வேண்டிக்கிறாங்க. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது கேக்காதா?"

மேலே தலைவர் விஸ்வலிங்கம் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"என்ன ஆம்ப்ரோஸ், உங்கட மகளுக்கு எப்பிடி?"

"புள்ளி வந்திருக்குங்கய்யா."

"ஐயோ." அவர் உண்மையாகவே கலங்கினார்.  பிறகு, "வேர்க்குது எண்டு மின்விசிறியைப் போட்டிடாதேங்கோ. அவையள் வந்து பார்க்கேக்க நிண்டுதான் இருக்கவேணும்" என்றார்.

மூன்று பேருக்கு வியர்த்தால்தான் இங்கே மின்விசிறி சுழலும். குளிர்சாதனப் பேச்சுக்கே இடமில்லை. வந்த உறைகளை உள்வெளியாகத் திருப்பி ஒட்டித்தான் பதில் போகும். எண்பத்திரண்டாம் வருஷக் காலண்டரின் முதுகில் எண்பத்து மூன்றாம் வருஷக் கூட்டக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். பென்சில் சுண்டுவிரல் நகத்தளவு ஆன பிறகும் மூங்கில் குச்சியில் செருகி எழுதுவார்கள். பிளாஸ்டிக் பையில் சாப்பாடு வாங்கிவந்தவர்கள் அதைப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். டிபன் கேரியர்காரர்களுக்கு மேசை உண்டு. தேயிலைச் சக்கை செடிக்கு. காய்கறித் தோல் மண்சட்டியில் இருக்கும் புழுவுக்கு. இவ்வளவையும் நகைச்சுவையாகச் சொல்லிக்காட்டி, கடைசியில் வந்தவர்களையும் ஒரு வாளித் தண்ணீர் சுமக்க வைத்துவிடுவது ஆம்ப்ரோஸின் சாமர்த்தியம்.

இன்றைக்கு அந்தச் சாமர்த்தியம் எதுவும் கைவசம் இல்லை. விறுவிறுவென்று பின்தளத்துக்குப் போனார்.

முதல் பீப்பாய். மூடியைத் திறந்தார். நாலைந்து மீன்கள் வெளிச்சத்தைக் கண்டு சிதறின. தண்ணீர் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

இரண்டாவது. அதிலும் மீன். ஒன்று நிறைமாதக் கர்ப்பிணி.

மூன்றாவது மூடியில் கை வைத்தவர், காரணமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

திறந்தார்.

மீன் இல்லை. தண்ணீரின் மேல்தோலிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, கமா போட்டாற்போல் நூறு நூறு புழுக்கள். அவர் நிழல் பட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. ஒரு கொசு பீப்பாயின் உள்விளிம்பிலிருந்து எழுந்து, அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. காலில் வெள்ளைப் பட்டை போட்டிருந்தது. ஜார்ஜ் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் படம் வரைந்து காட்டிய அதே கொசு.

"எங்கடா போனீங்க?" என்று ஆம்ப்ரோஸ் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். மீன்களைத்தான் கேட்டார்.

பீப்பாயின் பக்கத்திலேயே பதில் உட்கார்ந்திருந்தது. சிவப்பு வாளி.

முதல் இரண்டு பீப்பாய்களுக்கும் அடியில் குழாய் உண்டு. திருகினால் தண்ணீர் வரும், மீன் உள்ளே நிற்கும். மூன்றாவதற்குக் குழாய் வைக்கவில்லை. புதுக் குழாய் எதற்கு, வாளியால் மொண்டு கழிவறையில் ஊற்றினால் போதாதா என்று சிக்கனம் பேசியவரும் அவரேதான். வெயில் வாரங்களில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிற்று. ஆனாலும் குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று தலைவரிலிருந்து தட்டச்சுக்காரி வரைக்கும் பீப்பாய்க்குள் இடுப்பு வரை குனிந்து, வாளியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி மொண்டார்கள். கலங்கல் தண்ணீரில் என்ன வந்தது என்று யார் பார்த்தது? சங்கத்தின் ஜாகாக்கள் ஒவ்வொருவராகக் கழிவறை வழியே உத்தியோகத்தை விட்டு நீங்கிவிட்டார்கள். காவல் இல்லாத அடித்தண்ணீரில் கொசு முட்டையிட்டது, பிறகு மழை வந்து பீப்பாய் நிறைந்தது. மூடியில் 'உள்ளே ஜாகா உண்டு' என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது.

அந்த எழுத்தை நம்பி, அந்த மூடிக்கு மூன்று எட்டு தள்ளி, ஜன்னலோரம், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள் உர்சுலா.

ஆம்ப்ரோஸ் பீப்பாயின் விளிம்பைப் பிடித்தார். சாய்த்துவிட வேண்டும். இப்போதே. புழுக்கள் காய்ந்து செத்துப்போகும். அதுதான் செய்ய வேண்டிய காரியம். செய்தால் சோதனைக்காரர்கள் வரும்போது காலிப் பீப்பாய்தான் இருக்கும் என்பதும் அதே நொடியில் அவருக்குத் தெரிந்தது. பிலோமிக்குத் தெரியவே தெரியாது என்பதும். நல்ல காரியமும் திருட்டுக் காரியமும் ஒரே பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, எதற்காக அதைப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"என்ன செய்யிறியள்?" விஸ்வலிங்கம் பின்னால் நின்றார்.

"ஐயா, இதுல புழு."

தலைவர் எட்டிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று.  "ஊத்திப்போட்டால் அவையளுக்கு என்னத்தைக் காட்டுறது? மூடி வையுங்கோ. அவையள் போனாப் பிறகு..." சொல்லிக்கொண்டே வந்தவர் தானே நிறுத்திக்கொண்டார். "சீ. என்ன கதை கதைக்கிறன் நான்."

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

முதலில் வந்தவர் அப்துல் முத்தலிப், மேற்பார்வையாளர். பருமனான, சிரித்த முகம். தோளில் டார்ச்சும் நீளக் கைப்பிடி அகப்பையும். அவருக்குப் பின்னால், தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு, ஜார்ஜ்.

"வணக்கம்ணே. வருத்தமான விசயமா வந்திருக்கோம், மன்னிச்சுக்குங்க. உங்க மகன இங்க கூட்டி வந்திருக்கக் கூடாதுதான். ஆள் பத்தல லா. எல்லா எடத்துலயும் காய்ச்சல்."

"காலையில டாக்டர் சொன்னாரு," என்றார் ஆம்ப்ரோஸ்.

ஜார்ஜ் அவரைப் பார்க்கவில்லை. "மிஸ்டர் ஆம்ப்ரோஸ், தண்ணி தேங்குற எடமெல்லாம் காட்டணும்" என்று சுவரிடம் சொன்னான்.

மிஸ்டர் ஆம்ப்ரோஸ். சம்பளம் கொடுத்த கப்பல் கம்பெனியில்கூட அவரை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு சிரிப்புக் கதை சொல்லியிருப்பார்.

"மத்த எடமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். "வாங்க. மூணாவது டிரம்முல இருக்கு. நானே பாத்தேன்."

மூடியைத் தானே திறந்தார். ஜார்ஜ் அகப்பையை இறக்கி மொண்டு, டார்ச் வெளிச்சத்தில் பிடித்தான். முத்தலிப் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரத்துக்கு எங்கோ கழற்றி வைத்துவிட்டார்.

"ஏடிஸ்தான். டெங்கிக் கொசு," என்றான் ஜார்ஜ்.

"அதான் என் பிள்ளையக் கடிச்சுச்சா?"

 முத்தலிப் ஒரு சின்னச் சீசாவில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துக்கொண்டார். "மிச்சத்தக் கொட்டிடலாம்ணே. ஜார்ஜு, நீ கொட்டு. நான் முன்பக்கம் சாடியெல்லாம் பாத்துட்டு வரேன்." தலைவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். வேண்டுமென்றேதான் போனார் என்று தோன்றியது.

நிறைந்த பீப்பாயை ஒருவர் சாய்க்க முடியாது. அப்பன் ஒரு பக்கம் பிடித்தார். மகன் ஒரு பக்கம் பிடித்தான். எட்டு மாதத்தில் இருவர் கையும் ஒரே பொருளைத் தொட்டது அப்போதுதான். தண்ணீர் குபுகுபுவென்று தளத்தில் பாய்ந்து, ஆம்ப்ரோஸின் சப்பாத்துக்குள் புகுந்து, வடிகாலைத் தேடி ஓடிற்று.

"நீ சொன்னே," என்றார் ஆம்ப்ரோஸ். "கேக்கல நான். நாலு பேரு முன்னால உன்ன..."

"அத இப்பப் பேச வேணாம்."

"எப்பப் பேசறது? அவளுக்கு ஏதாவது ஆகிட்டா உங்கிட்டயும் அம்மாகிட்டயும் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"அப்பா." ஜார்ஜ் பீப்பாயை விடவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. "காலையில வீட்டுக்கு நான் தனியாத்தான் போனேன். முத்தலிப் அண்ணன் கீழ்வீடுகளப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்கிட்ட சாவி இருக்குல்ல."

"சரி."

"மாதா சுரூபத்துக்கு முன்னால அம்மா பூ வைக்கிற கண்ணாடிச் சாடி."

ஆம்ப்ரோஸுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிலோமி விடாமல் நவநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் ஜெபம் அது. ஒரு நவநாள் முடிய, மறு நவநாள். பூ வாடினால் பூவை மாற்றுவாள். தண்ணீரை மாற்ற மாட்டாள். லூர்து மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீர் கலந்தது, அதைக் கழுவுதொட்டியில் கொட்டலாமா? குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவாள். எத்தனை மாதமாக நிரப்புகிறாளோ!

"அதுலயுமா?"

"இதே அளவுக்கு இல்ல. ஆனா இருந்துச்சு."  "தொட்டியில ஊத்தலப்பா. கீழ கொண்டுபோயி மரத்தடியில, மண்ணுலதான் ஊத்தினேன். சாடியக் கழுவி, பூவத் திருப்பி வச்சிட்டு வந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொல்லணும். மறைச்சது தெரிஞ்சா என் வேல போயிரும். ஆனா அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"எது கடிச்சுது? இதுவா, அதுவா?"

"யாராலயும் சொல்ல முடியாது. கொசு பேரு எழுதி வச்சிட்டா கடிக்குது?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் ஆம்ப்ரோஸ் முழந்தாளிட்டிருப்பார். பாதிப் பாரம் இறங்கியிருக்கும். இப்போது இறங்கவில்லை. காலையில் ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுப் பிலோமி சொன்னதுதான் காதில் கேட்டது. எவன் தண்ணியத் தேக்கி வச்சானோ. சாகுற வரைக்கும் தூக்கம் வரக்கூடாது. அந்தச் சாபம் தன் சொந்த வீட்டு முகவரி தெரியாமல் கிளம்பிப்போயிருக்கிறது.

"அம்மா அந்த நவநாள எதுக்குச் சொல்றான்னு தெரியுமா உனக்கு?"

"உர்சுலா கல்யாணத்துக்கு."

"நீ வீட்டுக்குத் திரும்பி வரணும்னு."

ஜார்ஜ் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான். பீப்பாய் காலியாகிவிட்டிருந்தது. இருவரும் அதை இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே தொலைபேசி அடித்தது. எடுத்தவர் விஸ்வலிங்கம். இரண்டு முறை "ஓம்" என்றார். பிறகு பின்தளத்துக்கு ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து. பிள்ளைக்கு ஈறில ரத்தம் கசியுதாம். ரத்தம் ஏத்தப் போயினமாம். டாக்சியில போங்கோ. விதி கிதி எண்டு நிக்காதேங்கோ, போங்கோ!"

படியிறங்கும்போது எதிரே, பூவம்மா கொடுத்த பூச்சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் சிரித்த முகமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கை குலுக்க நீட்டினார். ஆம்ப்ரோஸும் நீட்டினார். கை ஈரமாக இருந்தது. "வெல்கம்" என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

டாக்சியின் பின்சீட்டில் அப்பனும் மகனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளத்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொல்ல ஆம்ப்ரோஸுக்குத் தோன்றவேயில்லை.

"முத்தலிப் அண்ணன்கிட்ட நான் நாளைக்குச் சொல்லிடுவேன்," என்றான் ஜார்ஜ்.

"சொல்லு. அம்மாகிட்ட மட்டும் நான் பேசிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் உர்சுலாவின் கட்டிலருகே ரத்தப் புட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் உதட்டோரத்தில் தாதி பஞ்சால் ஒற்றினாள். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் சிவந்தது. காலையில் போர்டைப் பற்றிப் பேசியவள் இப்போது கூப்பிட்டதற்குப் புருவத்தை மட்டும் அசைத்தாள்.

பிலோமினம்மாள் கணவரைப் பார்த்தாள். பின்னால் நின்ற மகனைப் பார்த்தாள். எதையும் கேட்கும் முன்பே ஆம்ப்ரோஸ் சொல்லிவிட்டார். அவசரக்காரர் அல்லவா?

"பிலோமி, என் டிரம்முதான். சங்கத்து டிரம்மு. அதுலதான் இருந்துச்சு. நான்தான்."

அவள் கத்தவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். விட்ட சாபம் இங்கேயே திரும்பிவந்து நின்றுவிட்டதைப் பார்ப்பவள் மாதிரி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஈரச் சப்பாத்தில் வந்து பார்வை நின்றது.

"மழைத்தண்ணியச் சேக்கிறேன், மழைத்தண்ணியச் சேக்கிறேன்னீங்களே," என்றாள். "ஒலகத்தக் காப்பாத்தப் போறேன்னீங்களே."

"ஆமா."

"இவ ஒருத்தியப் பாத்துக்க முடியலையா உங்களால?"

 அதற்கு இருந்த ஒரே பதில் ஜார்ஜின் தொண்டையில் இருந்தது. அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று ஆம்ப்ரோஸ் மகனின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"வீட்டுல?" பிலோமினம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். "வீட்டப் பாத்தியாய்யா?"

"பாத்தேம்மா."

"என்ன இருந்துச்சு?"

ஜார்ஜ் வாயைத் திறந்தான். முழங்கையில் அப்பாவின் பிடி இன்னும் இறுகியது.

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு."

"இருக்கும். மாதா இருக்கிற எடமாச்சே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு வந்திருந்தது. "நல்லாக் கேளு. நீ ஓடிப்போயி, மாதா முன்னால கண்ணாடிச் சாடி இருக்கு பாரு, அதுல உள்ள தண்ணிய அப்படியே ஒரு சீசாவுல எடுத்துட்டு வா. எத்தன நவநாள் சொன்ன தண்ணி அது. பிள்ள நெத்தியில பூசி, நாக்குல ஒரு சொட்டு விடணும். டாக்டருங்க பாக்குறதப் பாக்கட்டும்."

தாதி திரும்பிப் பார்த்தாள். பஞ்சு சிவந்தது.

"நான் போறேன்," என்றார் ஆம்ப்ரோஸ்.

"நான் போறேன்," என்றான் ஜார்ஜ், அதே மூச்சில்.

பிலோமினம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவரின் கை மகனின் முழங்கையைப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். எட்டு மாதமாக ஒரே தண்ணீரை நிரப்பி நிரப்பி அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"ரெண்டு பேருமே சேந்து போங்க," என்றாள். "சிந்தாமக் கொண்டு வாங்க."

அவர்கள் வராந்தாவில் நடந்தார்கள்.  ஆம்ப்ரோஸின் சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் ஈரமாக ஒரு சத்தம் போட்டது. பின்னால் கட்டிலைச் சுற்றித் தாதி திரையை இழுக்கும் ஓசையும், அதற்கு மேலாகப் பிலோமினம்மாளின் குரலும் கேட்டன.

"மாதாவே, ஒண்ணக் குடுத்துட்டே. இன்னொண்ணையும் குடுத்துடும்மா."